வீல் பேரிங்கை மாட்டும் முன் கழுவணுமா, கூடாதா? மலை ஏறும் தேனி ஜீப்களில் ஒரு கை கிரீஸ் செய்யும் வேலை

விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி பகுதிகளில் ஜீப்கள் கிளம்பிவிடும். இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் தொழிலாளர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள், இந்த ஜீப்களை நம்பித்தான் மலை ஏறுகிறார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என மூன்று பாதைகள். காலையில் ஏற்றம், சாயங்காலம் இறக்கம். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, சக்கரத்தை ஆடாமல் சுழல வைப்பது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு இரும்பு வளையம்தான். அதுதான் வீல் பேரிங். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பிரேக் பிடிக்கவில்லை என்றால் காலுக்குத் தெரியும். பேரிங் போவது மட்டும் கடைசி வரை வெளியே தெரியாது. தெரியும்போது சக்கரம் ஆட ஆரம்பித்திருக்கும்.

பேரிங் மாற்றும்போது எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. புது பேரிங் வாங்கியாச்சு, அப்படியே மாட்டலாமா? டீசலில் கழுவி கிரீஸ் வைத்து மாட்டணுமா? பத்து ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பத்து பதில் வரும். காரணம், எல்லா பேரிங்குக்கும் ஒரே பதில் கிடையாது. ஒரு வகையைக் கழுவாமல் விட்டால் கெடும். இன்னொரு வகையைக் கழுவினாலே கெட்டுவிடும்.

உங்க வண்டியில் இருப்பது எந்த வகை?

பழைய மஹிந்திரா ஜீப், பொலிரோவின் பழைய மாடல்கள், அம்பாசடர், டிராக்டரின் முன்சக்கரம், லாரி, டிரெய்லர் போன்றவற்றில் பெரும்பாலும் இருப்பது திறந்த பேரிங். மெக்கானிக்குகள் 'கப், கோன்' என்று சொல்வது இதைத்தான். ஹப்புக்குள் இறுக்கமாக உட்காரும் வெளி வளையம் கப். உருளைகளோடு தனியாகக் கையில் வருவது கோன். ஒரு ஹப்பில் உள்பக்கம் ஒரு ஜோடி, வெளிப்பக்கம் ஒரு ஜோடி இருக்கும். கழற்றலாம், கழுவலாம், கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்டலாம்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் மூடிய பேரிங்தான். இரண்டு பக்கமும் ரப்பர் அல்லது தகடு சீல் இருக்கும். உள்ளே இருக்கும் குண்டுகள் கண்ணுக்கே தெரியாது. சில கார்களில் ஹப்பும் பேரிங்கும் சேர்ந்து ஒரே யூனிட்டாகவே வரும். கிரீஸை ஃபேக்டரியிலேயே அளந்து வைத்து மூடிவிடுவார்கள். பேரிங் இருக்கும் காலம் வரை அந்த கிரீஸ்தான்.

மூடிய பேரிங்கை ஏன் தொடக்கூடாது?

டீசலிலோ மண்ணெண்ணெயிலோ முக்கினால், சீல் இடுக்கு வழியாக அது உள்ளே இறங்கும். உள்ளே போனது முழுசாக வெளியே வராது, அங்கேயே தங்கி கிரீஸைக் கரைக்கும். மாட்டின புதுசில் வண்டி நன்றாகவே ஓடும். சில ஆயிரம் கிலோமீட்டரில் 'உர்ர்' என்று சத்தம் வரும். அப்போது பழி பேரிங் கம்பெனி மேல் விழும்.

சீலை ஊசியால் நெம்பித் தூக்கி, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று கூடுதலாகக் கொஞ்சம் கிரீஸ் திணிப்பதும் நடக்கிறது. நெம்பின சீல் பழையபடி உட்காராது. மழைத்தண்ணீருக்கு வழி திறந்துவிட்ட கதைதான். மூடிய பேரிங்கைப் பெட்டியிலிருந்து எடுத்து, வெளிப்பரப்பைச் சுத்தத் துணியால் துடைத்தால் போதும். சுத்தம் செய்ய வேண்டியது அது உட்காரப்போகும் இடத்தை. நக்கிளின் உள்வட்டத்தில் துரு, மண், பிசிறு எதுவும் இருக்கக் கூடாது.

ஏபிஎஸ் உள்ள கார்களில் இன்னொரு சங்கதி உண்டு. சில பேரிங்குகளின் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் பதித்திருக்கும். சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை சென்சார் படிப்பது அதை வைத்துத்தான். பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். திருப்பி மாட்டிவிட்டால் ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மறுபடி கழற்றினால் பேரிங் வீண். ஸ்பீக்கர் காந்தம் மாதிரி எதன் அருகிலும் இதை வைக்கக்கூடாது.

சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் ஆகாது. வெளி வளையத்தை நக்கிளில் ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டும்தான் பிரஸ்ஸில் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அடி விழுந்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் சின்னச் சின்னப் பள்ளம் விழ வைக்கும். புது பேரிங் முதல் நாளே பழசாகிவிடும்.

கோன் ஏன் கோனாக இருக்கிறது?

இனி ஜீப்புக்கு வருவோம். திறந்த பேரிங்கின் உருளைகள் நேராக இல்லாமல், ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்து இருக்கும். இந்த வடிவத்துக்கு 1898-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி டிம்கென். அவர் குதிரை வண்டி செய்தவர். வண்டி நேராகப் போகும்போது பாரம் மேலிருந்து மட்டும்தான் இறங்கும். திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளும். சரிவான உருளை இந்த இரண்டு பாரத்தையும் சேர்ந்து தாங்கும். போடிமெட்டில் 17 முறை வளைந்து இறங்கும் ஜீப்பில் அந்தச் சரிவுக்கு ஒவ்வொரு வளைவிலும் வேலை இருக்கிறது.

புது கோனைக் கழுவணுமா?

சீல் உடையாத பெட்டியில் வந்ததென்றால் தேவையில்லை. அதன் மேல் பளபளவென்று இருக்கும் எண்ணெய், துருப்பிடிக்காமல் இருக்கத் தயாரிப்பாளர் பூசியது. வழக்கமான கிரீஸோடு அது ஒத்துப்போகும். கழுவினால் பாதுகாப்பும் போகும், ஒர்க்‌ஷாப் தூசியும் ஒட்டும்.

ஆனால் அந்த எண்ணெயை கிரீஸ் என்று நினைத்து அப்படியே மாட்டிவிடக் கூடாது. அது கிட்டங்கியில் துருவைத் தடுக்கத்தான், ஓட்டத்தைத் தாங்க இல்லை. மாட்டும் முன் கிரீஸ் வைத்தே ஆகணும்.

பெட்டி கிழிந்திருந்தாலோ, கடையில் சில்லறையாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாலோ, கையில் எடுத்தால் நறநறவென்று இருந்தாலோ கழுவத்தான் வேண்டும். கூடவே அது அசல்தானா என்று பார்ப்பதும் நல்லது. பெரிய கம்பெனிகளின் பெயரில் போலி பேரிங் விற்பது உலகம் முழுக்க இருக்கும் பிரச்னை. அதைக் கண்டுபிடிக்க எஸ்கேஎஃப் நிறுவனம் தனியாக ஒரு செல்போன் ஆப்பே வைத்திருக்கிறது.

பழைய பேரிங்கைக் கழுவும் முறை

சர்வீஸுக்காகக் கழற்றிய பேரிங் என்றால் பழைய கிரீஸ் துளியும் மிச்சமில்லாமல் போக வேண்டும். கறுத்த கிரீஸில் இரும்புத் தூளும் மண்ணும் கலந்திருக்கும். அதன் மேலேயே புது கிரீஸை அப்புவது, அழுக்குச் சட்டைக்கு மேல் புதுச்சட்டை போடுகிற மாதிரி.

முதலில் துணியால் வழித்தெடுத்துவிட்டு, டீசலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறப்போட்டு, பிரஷ்ஷால் உருளை இடுக்குகளில் தேய்க்க வேண்டும். ஒரே டப்பாவில் முடிக்கக் கூடாது. முதல் டப்பாவில் அழுக்கு போகும், சுத்தமான இரண்டாவது டப்பாவில் அலசணும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி தரையோடு பரவி எங்கோ இருக்கும் தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். கழுவின அழுக்கு டீசலை வாய்க்காலில் ஊற்றக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வைகை அணைக்குப் போய், மதுரைக்குக் குடிநீராகிறது.

பிறகு காயவைப்பது. இங்கேதான் ஒர்க்‌ஷாப்களில் ஒரு ஆபத்தான விளையாட்டு நடக்கிறது. கம்ப்ரஸர் காற்றை உருளைகள் மேல் பாய்ச்சி, 'வீ...' என்று பம்பரம் மாதிரி சுழலவிடுவார்கள். எண்ணெய்ப்பசை இல்லாத பேரிங் அந்த வேகத்தில் உராய்ந்து கோடு விழும். அதைவிட மோசம், உருளைகளைப் பிடித்திருக்கும் கேஜ் உடைந்தால் உருளைகள் குண்டு மாதிரி தெறிக்கும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். காற்று அடிப்பதானால் உருளைகளை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் அடிக்கணும். இல்லையென்றால் நூல் உதிராத துணியால் துடைத்துக் காயவிட்டாலே போதும்.

காய்ந்த பேரிங்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். உருளையிலோ கப்பிலோ அம்மைத் தழும்பு மாதிரி பொத்தல் இருந்தாலோ, நகத்தால் நெருடினால் கோடு தட்டுப்பட்டாலோ, நீல நிறம் ஏறியிருந்தாலோ அது குப்பைக்குத்தான். நீலம் என்றால் அளவுக்கு மீறிய சூட்டில் வெந்திருக்கிறது என்று அர்த்தம். கோனை மட்டும் மாற்றிவிட்டு பழைய கப்பை விட்டு வைப்பது மிச்சம் பிடிக்கும் வேலை இல்லை. பழைய கப்பின் தழும்பு புது கோனையும் சீக்கிரமே தின்றுவிடும்.

புது கப்பை ஹப்பில் பித்தளைக் கம்பி வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குவார்கள். தட்டும் சத்தம் திடீரென்று மாறி 'டங்' என்று கனமாகக் கேட்டால் கப் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆயில் சீல் எப்போதும் புதுசுதான், பழசைத் திரும்பப் போடக் கூடாது.

கிரீஸில் என்ன வித்தியாசம்? எல்லாம் ஒண்ணுதானே?

மலைப்பாதை ஓட்டுநர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான்.

இறக்கத்தில் பிரேக்கை மிதிக்க மிதிக்க டிரம்மும் டிஸ்க்கும் கொதிக்கும். நீண்ட மலை இறக்கத்தில் டிரம் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது உண்டு. அந்தச் சூடு பக்கத்திலேயே இருக்கும் ஹப்புக்கும் இறங்கும். கடையில் விலை குறைவாகக் கிடைக்கும் சாதாரண சேசிஸ் கிரீஸ் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தான கால்சியம் சோப்பில் செய்தது. அதன் கட்டமைப்பே அதற்குள் இருக்கும் கொஞ்சம் தண்ணீரில்தான் நிற்கிறது. சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியானால் கிரீஸ் குலைந்துவிடும். ஏறக்குறைய 100 டிகிரியிலேயே எண்ணெயாக உருகி ஒழுகும்.

ஒழுகினால் எங்கே போகும்? உள்பக்க சீலைத் தாண்டி நேராக பிரேக் லைனிங் மேல். ஒரே நேரத்தில் பேரிங் வறண்டு போகும், பிரேக் வழுக்கும். ஒரு பக்கச் சக்கரத்தில் மட்டும் வழுக்கினால், பிரேக் போட்டதும் வண்டி மறுபக்கம் இழுக்கும். கொண்டை ஊசி வளைவில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று மலை ஓட்டுநர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

லித்தியம் கிரீஸ் உருகி ஒழுகத் தொடங்குவது சுமார் 190 டிகிரியில். லித்தியம் காம்ப்ளக்ஸ் என்றால் 250 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனால் அது உருகும் எல்லைதான். அந்தச் சூட்டிலேயே தொடர்ந்து ஓட்டலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைகளில் 'ஏபி3' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் லித்தியம் சோப்பில் செய்த 3-ம் எண் கிரீஸ். எண் என்பது பதம். 2 என்றால் வெண்ணெய்ப் பதம், 3 அதைவிடக் கெட்டி. டப்பாவில் 'ஜிசி-எல்பி' என்ற முத்திரை இருந்தால், அது வீல் பேரிங்குக்கும் சேசிஸுக்கும் சோதித்துத் தேறியது. எந்த எண் என்று வண்டியின் கையேடு சொல்லியிருந்தால் அதுதான் முடிவு.

நிறத்தைப் பார்த்து கிரீஸ் வாங்குவது வீண். சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் கம்பெனி கலக்கும் சாயம். ஒரே நிறத்தில் இரண்டு வேறு கிரீஸ் இருக்கும். வேறு வேறு சோப்பில் செய்த கிரீஸ்களைக் கலந்தால் சில நேரம் இரண்டும் சேர்ந்து கஞ்சி மாதிரி இளகிவிடும். பழையதை முழுசாகக் கழுவச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு வைக்கணும்?

மேலே பூசினால் போதாது, உருளைகளுக்கு உள்ளே போகணும். கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, இடது உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் அளவு கிரீஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். கோனின் பெரிய பக்கத்தை அதன் விளிம்பில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். உருளைகளின் இடுக்கு வழியாக மேல் பக்கத்தில் புழு மாதிரி கிரீஸ் பிதுங்கி வரும். வந்த பிறகு கொஞ்சம் திருப்பி அடுத்த இடத்தில் அழுத்தணும். முழுச் சுற்றும் முடிந்ததும் வெளியே ஒரு பூச்சு. கப்பிலும் சீலின் உதட்டிலும் மெல்லிசாகத் தடவ வேண்டும்.

பேரிங் நிறைய இருக்கணும், ஹப் நிறையக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஹப்பில் இருக்கும் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி. முழுசாக அடைத்தால் ஓடும்போது கிரீஸ் கடைபட்டே சூடேறும். சூட்டில் விரிந்து சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் பக்கம் போகும். நல்ல கிரீஸ் வாங்கியும் கெட்ட கிரீஸின் பலன்தான் கிடைக்கும்.

நட்டும் கடையாணியும்

நட்டை 'நல்லா இறுக்கு' என்பது டேப்பர் பேரிங்குக்குப் பொருந்தாது. சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி உருளைகளை உட்கார வைக்கணும். பிறகு தளர்த்தி, விரலால் திருகும் அளவுக்கு மட்டும் மறுபடி இறுக்கணும். பல வண்டிகளில் முன்னும் பின்னும் 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கும்படி விடுவார்கள். ஒரு தலைமுடி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அது சூட்டில் இரும்பு விரிவதற்கான இடம். அந்த இடமில்லாமல் இறுக்கினால் பேரிங் வெந்து ஜாம் ஆகும். ரொம்ப விட்டால் சக்கரம் ஆடும்.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி என்றால் இங்கே ஸ்பிளிட் பின். அடுத்த துளையோடு நேராக வரும்படி நட்டைத் தளர்த்திப் பின் போட வேண்டும், துளைக்காக இறுக்கக் கூடாது. மடக்கி நிமிர்த்தின பழைய பின் உடையும், புதுசு சில ரூபாய்தான். 4 வீல் டிரைவ் ஜீப்களில் பின்னுக்குப் பதில் லாக் வாஷரும் இரண்டாவது நட்டும் இருக்கும்.

மூடிய பேரிங் உள்ள கார்களில் கதை நேர்மாறு. அங்கே ஆக்சில் நட்டை கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கியே ஆகணும். இறுக்குவதற்கு முன் வண்டியின் பாரத்தைச் சக்கரத்தில் இறக்கினால் பேரிங் கெட்டுவிடும்.

ஆள் ஏற ஏற ஆயுள் குறையும்

பேரிங்கின் ஆயுளுக்கு உலகம் முழுக்க பொறியாளர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. உருளை பேரிங்கில் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். குண்டு பேரிங்கில் எட்டில் ஒரு பங்கு. அளவுக்கு மேல் ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறும் ஜீப்பில், எவ்வளவு நல்ல கிரீஸும் இந்தக் கணக்கை மாற்றாது. சர்வீஸ் இடைவெளியைக் குறைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. ஆள் எண்ணிக்கையைக் குறைப்பது இன்னும் நல்ல வழி, ஆனால் அது கூலியோடும் வாடகையோடும் சேர்ந்த விவகாரம்.

சூடான ஹப், குளிர்ந்த தண்ணீர்

மலை இறங்கியதும் வண்டியை ஆற்றிலோ வாய்க்காலிலோ இறக்கிக் கழுவும் பழக்கம் இருக்கிறது. கொதிக்கும் ஹப் திடீரென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிட்டுக் கழுவினால் இந்தப் பிரச்னை இல்லை. வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை நேராக ஹப்பில் பிடிப்பதும் இதே வேலையைச் செய்யும்.

டிராக்டருக்கு இது இன்னும் பொருந்தும். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களில் தொளி உழவு நடக்கும்போது முன்சக்கர ஹப் சேற்றுக்குள்ளேயே சுற்றும். கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல், ஒரு போக உழவு முடிந்ததும் ஹப்பைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

போகிறது என்று எப்படித் தெரியும்?

வேகம் கூடக்கூட 'ம்ம்...' என்று கூடும் முனகல்தான் முதல் அடையாளம். டயர் சத்தமும் இப்படித்தான் கேட்கும். ஆனால் ரோடு மாறினால் டயர் சத்தம் மாறும், பேரிங் சத்தம் மாறாது. இடது பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் பாரம் ஏறும் வலது பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம். வலது பக்கம் திரும்பும்போது கூடினால் இடது பக்கம்.

சந்தேகம் வந்தால் ஜாக்கி வைத்து, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். 'டக் டக்' என்று ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டீயரிங் பக்கம் பார்க்கணும்.

சபரிமலை சீசனில் கூட்டம் கூடும் நாட்களில், போகும் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்பும் வாகனங்களைக் குமுளி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். போகும்போது ஏற்றம் முழுக்க ஒரு பாதை, வரும்போது இறக்கம் முழுக்க இன்னொரு பாதை. பேரிங் வேலை பார்த்த வண்டியை முதல் ஓட்டமே இப்படி மலைக்கு எடுத்துப் போகாமல், சமவெளியில் 20, 30 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டி நிறுத்தி, கையை முதலில் ஹப்புக்கு அருகில் கொண்டுபோய் அனலைப் பார்த்து, பிறகு லேசாகத் தொட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வெதுவெதுப்பு என்றால் சரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், நட்டு இறுக்கமா, கிரீஸ் அதிகமா, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று அங்கேயே திறந்து பார்த்துவிட வேண்டும். ஹப்புக்கு உள்பக்கம், பிரேக் தகட்டின் அடியில் கிரீஸ் கசிவு இருக்கிறதா என்றும் ஒரு முறை குனிந்து பார்க்கணும்.